இரண்டாவது மாடி டெனன்ட்

எங்கள் கட்டடத்தில் எது கெட்டாலும் ஓனர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படிக் கெட்டுது?" என்பதுதான். குழாய் ஒழுகுகிறது சார் என்று போய் நின்றால், கடைசியாக யார் திறந்தது, எந்தப் பக்கம் திருப்பினார்கள், கையால் திருப்பினார்களா அல்லது எதையாவது வைத்துத் திருகினார்களா என்று விசாரணை ஆரம்பமாகும். அது முடிவதற்குள் குழாய் கழன்று கையோடு வந்துவிடும். குற்றவாளி கிடைக்கும் வரை ரிப்பேர் கிடையாது. நான் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒருமுறை என் கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. குனிந்து உள்ளே வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் மனிதர் வாக்குமூலம் வாங்கினார். கண் பார்க்க வந்த ஒருவர் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டார்.

அப்படியானால் கட்டடம் எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். ஓனர் குடும்பம் நான்காவது மாடியில்தான் குடியிருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்ததும், அவர் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கி வருவார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த பிளம்பரோ மின்சாரக்காரரோ என் கடை வாசலில் காத்திருப்பார். சுத்தியல் சத்தம் கேட்காமல், துளை போடும் மெஷின் இல்லாமல், திருட்டு வேலை மாதிரி ரிப்பேர் நடக்கும். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தில் கூலி. சாயங்காலம் ஓனர் எழுந்து வந்து குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பார்.

"பாத்தீங்களா கண்ணாடி? அவசரப்பட்டு ஆளைக் கூப்பிட்டிருந்தா தண்டச் செலவு. தானா சரியாயிடுச்சு."

என்னை அவர் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அக்கா சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாடகைக்கு ஆள் வரிசையில் நின்ற காலத்தில் இந்த விசாரணை எல்லாம் செல்லுபடியானது. காலம் மாறியது. முதல் மாடியில் இருந்த கப்பல் சரக்குக் கம்பெனியின் ஆட்கள் ஒரு சமயம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போனார்கள். அப்படியே போனவர்கள்தான். கடைசியில் ஒரு பெண் மட்டும் வந்து பூந்தொட்டிகளை எடுத்துக்கொண்டு சாவியை என் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டாவது மாடிக்காரர்கள் எதிரே புதிதாக எழுந்த கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறிவிட்டார்கள். மூன்றாவது மாடியில் வரைபடம் போடும் கம்பெனி, கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே காலி செய்தது. வாடகையைக் கொஞ்சம் குறைத்தால் யாராவது வருவார்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

"குறைக்கலாம்தான். அப்புறம் கட்டடத்துக்கு என்ன மரியாதை?" என்றார்.

கட்டடத்துக்கு மரியாதை இருந்தது. ஆள்தான் இல்லை. மூன்று தளங்களிலும் பல்லி ஓடும் சத்தம் கேட்டது.

கட்டடத்தில் பாதி ஓனருடைய தம்பிக்குச் சொந்தம். அவர் வேறு ஊரில் வியாபாரம் செய்கிறார். பொறுமையான மனிதர்தான், ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு இருக்கிறது அல்லவா. மழை ஆரம்பித்த நாள் ஒன்றில் வந்து என் கடையில் உட்கார்ந்து அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

"அண்ணே, வாங்கி இடிச்சுட்டு கிடங்கு கட்ட ஒருத்தர் கேக்கறார். நான் இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். மூணாவது மாடியாவது வாடகைக்குப் போகணும். இல்லன்னா குடுத்துடலாம்."

"மேல வீடு இருக்கே?"

"வீடு எங்கண்ணே தனியா நிக்கும்? கீழ இடிச்சா மேல என்ன, தொங்கவா போகுது?"

ஓனர் முகம் செத்துவிட்டது. கட்டடம் கட்டிய வருடத்திலேயே கல்யாணம் ஆகி அந்த நான்காவது மாடியில் குடியேறியவர்கள் அவர்கள். மகள் பிறந்ததும் அங்கேதான். அந்தப் பெண் இப்போது ஏதோ ஒரு கம்பெனிக்கு, கட்டிலில் சாய்ந்தபடியே மடிக்கணினியில் வேலை பார்க்கிறாள். "என்னை மாதிரி ஆளுங்களாலதாம்பா உங்க கட்டடம் காத்தாடுது" என்று அவளே அப்பாவிடம் சொல்வாள்.

மாதம் முடியும் தறுவாயில் புரோக்கர் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். எதிர்க் கட்டடத்தில் கணக்கு ஆபீஸ் நடத்தும் ஓர் அம்மாள் இடம் தேடுகிறார். அங்கே பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதாம். அதைவிட, ஜன்னலைத் திறக்க முடியாதாம். திறக்கிற ஜன்னல் வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் நிபந்தனை.

"நம்மகிட்ட ஜன்னலுக்கு என்ன குறைச்சல்?" என்றார் ஓனர்.

"ஜன்னல் சரி சார். ஆனா வெறிச்சோடிக் கிடக்கிற கட்டடத்தைக் காட்டினா அந்தம்மா வாசலோட திரும்பிடுவாங்க. எல்லாரும் ஏன் போனாங்கன்னுதான் முதல்ல யோசிப்பாங்க. கொஞ்சம் ஆள் நடமாட்டம் இருக்கிற மாதிரி பாத்துக்குங்க."

புரோக்கர் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓனர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே மனைவியையும் மகளையும் என் கடைக்கு வரவழைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.

"நீ முதல் மாடியில போய் உக்காரு. வழக்கமா பாக்கற வேலையப் பாரு, போதும்" என்றார் மகளிடம்.

"வாடகை கேக்க மாட்டீங்களே?"

"வாயை மூடு. நீ ரெண்டாவது மாடி" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் என்ன ஆபீஸ்னு சொல்றது?" என்றார் அக்கா.

"யாரு உன்னைக் கேக்கப் போறாங்க? கம்ப்யூட்டர் முன்னாடி சும்மா உக்காந்திரு."

"கம்ப்யூட்டர் ஏது?"

"இவளோட பழசு ஒண்ணு கட்டிலுக்கடியில கிடக்கில்ல, அதை எடுத்து வை."

"இது பொய்யில்லையாங்க?"

"என்ன பொய்? இந்தக் கட்டடத்துல நீ இல்லையா? இருக்க. இருக்கிறதைத்தானே காட்டறோம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி துடைக்கும் துணியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். ஆனால் நானும் தப்பவில்லை.

"கண்ணாடி, நீங்கதான் டெனன்ட் சங்கச் செயலாளர்."

"சங்கத்துல எத்தனை பேர் சார் இருக்காங்க?"

"நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்."

மறுநாள் காலையிலிருந்தே தூறல். அக்கா விடிந்ததும் சோறும் முட்டையும் செய்து வைத்துவிட்டு மூன்று மாடிகளையும் பெருக்கித் துடைத்தார். மழை நாளில் துடைத்த தரை எங்கே காய்கிறது? பழைய துணிகளைக் கொண்டுவந்து முட்டி போட்டு ஒற்றி எடுத்தார். லிஃப்டின் கண்ணாடியில் படிந்திருந்த கறையைத் தேய்த்தார். எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டார். அதற்குப் பிறகு முகம் கழுவி, வெளியே போகும்போது உடுத்தும் துணியை உடுத்திக்கொண்டு இரண்டாவது மாடியில் போய் உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓனர் இவ்வளவையும் சாவிக்கொத்தோடு நின்று பார்த்தார். அங்கே ஒரு தூசி இருக்கிறது பார் என்று இரண்டு முறை காட்டினார்.

அந்த அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். நரைத்த தலை, சாதாரணச் செருப்பு, கையில் நனைந்த குடை. ஓனர் என்னைச் சங்கச் செயலாளர் என்று அறிமுகப்படுத்திக் கூடவே அழைத்துக்கொண்டார். அந்த அம்மாள் அலங்காரம் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கழிவறைக்குப் போய்த் தண்ணீர் விட்டுப் பார்த்தார். குழாய்களைத் திறந்தார். படியில் ஏறும்போது கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். வீடு வாங்க வந்தவர்கூட இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. முதல் மாடியில் மகள் நிஜமாகவே யாருடனோ கம்ப்யூட்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினாள். அந்த அம்மாளுக்கு அது பிடித்துப்போயிற்று. மூன்றாவது மாடியில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, சாரல் முகத்தில் அடிக்க ஒரு நிமிடம் நின்றார். ஓனர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். காரியம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

"ரெண்டாவது மாடியில யார் இருக்காங்க?" என்றார் அந்த அம்மாள்.

"அது... ஒரு அம்மா. ரொம்ப நாள் டெனன்ட். பிஸியா இருப்பாங்க" என்றார் ஓனர்.

"ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன். இருக்கிற டெனன்ட்டைக் கேக்காம நான் எந்த இடமும் எடுக்கறதில்ல. ஒரு தடவை பட்டுட்டேன்."

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க வேண்டாம். ஓனர் பக்கத்துல நின்னா யார் வாயைத் திறப்பாங்க? செயலாளர் சார் வரட்டும்."

வேறு வழியில்லாமல் நான் கூடப் போனேன். அக்கா மேசை மீது கையை மடித்து வைத்து, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார். எதிரே மகளுடைய பழைய கம்ப்யூட்டர் கறுப்பாக நின்றது. அந்த அம்மாள் தன் ஆபீஸைப் பற்றிச் சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?"

"கட்டடம் கட்டினதுலேருந்து."

"அப்போ ஓனரை நல்லாத் தெரியும்."

"நல்லாத் தெரியும்."

"எப்படி ஆளு? மனசு விட்டுச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை வேகமாக ஆட்டினேன். நல்ல மாதிரி சொல்லுங்கள் என்று அர்த்தம்.

"நல்லவர்தான். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. பொய் சொல்ல மாட்டார்" என்றார் அக்கா.

எனக்குப் புரை ஏறியது.

"சரி. ஏதாவது ரிப்பேர்னா?"

"ரிப்பேர்னா..." அக்கா நிறுத்தினார். மேசையைப் பார்த்தார். "ரிப்பேர்னா அவர்கிட்டச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"சொன்னா எப்படிக் கெட்டுதுன்னு கேப்பார். உங்க மேல தப்புங்கிற மாதிரியே கேப்பார். நாம பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி வரும். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, நாமதான் கெடுத்தோமோன்னு நமக்கே தோணிடும். அவர் மத்தியானம் மாத்திரை போட்டுட்டுப் படுத்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அதுக்குள்ள ஆளைக் கூப்பிட்டு முடிச்சிடணும். மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் கூடத் தூங்குவார். பெரிய வேலையெல்லாம் அப்போ வச்சுக்கலாம்."

நான் இருமினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மூணாவது மாடி பாத்தீங்கல்ல? நல்ல வெளிச்சம். ஆனா கிழக்கு மூலையில மழை பெஞ்சா ஈரம் ஏறும். மேசையை அந்தப் பக்கம் போட்டுடாதீங்க. வெளியிலேருந்து பூசினாத்தான் நிக்கும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்த மூலையை மறைக்கத்தான் ஓனர் காலையில் ஒரு பீரோவை நகர்த்தி வைத்திருந்தார்.

"ஓனர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். எப்படி ஈரமாச்சுன்னார். மழை பெஞ்சுதுன்னேன். எந்த மழைன்னு கேட்டார்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"சிரிப்பாத்தான் இருக்கும். கேக்கறவங்களுக்குச் சிரிப்பு. லிஃப்ட் நின்னுபோனப்ப உள்ள மாட்டிக்கிட்டது நான். கத்தறேன், வெளியில நின்னுக்கிட்டு எந்தப் பட்டனை அமுக்கினன்னு கேக்கறார். முதல்ல கதவைத் திறங்கன்னு அழுதேன். திறந்ததும் மறுபடி அதே கேள்வி. பயந்துட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கலைங்க. நான் மேல போய் வேலையப் பாத்தேன். கட்டடத்துக்கு என்ன ஆச்சுன்னு கேப்பார். ஆளுக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டார்."

எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. லிஃப்ட் நின்ற அன்று நானும் அங்கேதான் இருந்தேன். ஓனர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது நானும் அந்தப் பட்டனைப் பற்றித்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் குடையைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு கஷ்டப்பட்டுக்கிட்டு ஏன் இருக்கீங்க? இப்பத்தான் எங்க பாத்தாலும் இடம் கிடக்கே. நீங்க ஏன் இன்னும் காலி பண்ணல?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். அவர் பார்வை போன பக்கம் நானும் திரும்பினேன். கதவருகே ஓனர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் முழுவதையும் கேட்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்த அம்மாள் எழுந்து அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். ஓனர் பின்னாலேயே போனார். என் கடையில், முடிவைத் தெரிந்துகொள்ள வந்திருந்த தம்பியும் புரோக்கரும் காத்திருந்தார்கள்.

"இடம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அந்த அம்மாள். நாங்கள் யாரும் நம்பவில்லை. "வாடகை அதிகம், அதைப் பேசிக்கலாம். மூலையில ஈரம் இருக்கறதும் தெரிஞ்சுபோச்சு. இப்ப இருக்கற இடத்துல அதைக்கூட யாரும் சொல்லல. ஆனா ஒரு நிபந்தனை. எது கெட்டாலும் நான் ரெண்டாவது மாடி அம்மாகிட்டத்தான் சொல்வேன். பராமரிப்பு முழுக்க அவங்க பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதணும்."

"அது எப்படிங்க, அவங்க ஒரு டெனன்ட்..." என்று ஓனர் இழுத்தார்.

"சார், எந்த டெனன்ட்டுக்காவது ஓனர் மாத்திரை போடற நேரம் தெரியுமா? அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒயர்கூட இல்ல." குடையை விரித்துக்கொண்டே சொன்னார். "உங்க வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க. அவங்க சரின்னா நானும் சரி."

அவர் போனதும் தம்பி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணி சரின்னு சொன்னா விக்கற பேச்சை நான் எடுக்கல. ஆனா அண்ணி வாயால சொல்லணும். நீங்க வந்து சொல்லக் கூடாது."

ஓனர் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். அடிதடி ஆகிவிடுமோ என்ற பயத்தில் நானும் பின்னால் ஓடினேன். அக்கா அதே நாற்காலியில் இருந்தார்.

"யாரைக் கேட்டுடி அவ்வளவும் கொட்டின? தெருவுல போறவகிட்ட?"

"அவங்க கேட்டாங்க."

"கேட்டா சொல்லிடுவியா?"

"கேட்டாச் சொல்லணும்னுதான் இத்தனை வருஷமா வச்சிருந்தேன். யாரும் கேக்கல. இன்னிக்குத்தான் ஒருத்தங்க கேட்டாங்க."

ஓனருக்கு அதற்கு மேல் கத்த வரவில்லை. அந்த அம்மாளின் நிபந்தனையையும் தம்பி சொன்னதையும் நான்தான் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார்.

"நான் பாத்துக்கறேன். தம்பிகிட்ட நானே வந்து சொல்றேன். இனிமே மறைச்சு மறைச்சுச் செய்ய மாட்டேன். பட்டப்பகல்ல ஆள் வருவான். சுத்தியல் சத்தம் கேக்கும். குழாய், மோட்டார், விளக்கு, எதுவும் இந்தக் கட்டடத்துல தானா சரியானதே இல்லங்க."

இதைச் சொல்லும்போது அவர் கணவனைப் பார்த்துத்தான் சொன்னார். ஓனர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். மனிதர் எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வெளியே மழை வலுத்தது. இறங்கிப் போய்விடலாம் என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்தபோது ஓனர் பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அந்தம்மா கடைசியா ஒண்ணு கேட்டாங்களே. என்னைப் பாத்ததும் நீ பேசாம இருந்துட்ட."

"எது?"

"ஏன் இன்னும் காலி பண்ணலன்னு. நான் வராம இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அக்கா புடைத்திருந்த கை நரம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியலைங்க. வாயைத் திறந்தேன், சொல்றதுக்கு ஒண்ணும் வரல. எனக்கே பயமாப் போச்சு."

சொல்லிவிட்டு எழுந்தார். பசி மயக்கம் போலிருக்கிறது, மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு எங்களைத் தாண்டிப் படியேறிப் போய்விட்டார். ஓனர் நாற்காலியிலேயே இருந்தார். நெடுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

"கண்ணாடி, காலையில அவ ஏதாவது சாப்பிட்டாளா?"

"எனக்கென்ன சார் தெரியும். அக்காகிட்டத்தான் கேக்கணும்."

அவர் சாவிக்கொத்தை மேசை மீது வைத்துவிட்டு எழுந்தார். லிஃப்ட் பக்கம் போனவர் மனம் மாறிப் படிப்பக்கம் திரும்பி, ஒவ்வொரு படியாக மேலே ஏறத் தொடங்கினார்.